ரெஸ்ட்ஹவுஸ் விஜயகலாவின் உறக்கம்

ருவான்வெல்லைப் பக்கத்து றப்பர்த் தோட்டம் ஒன்றில் விஜயகலாவுக்கு இரண்டு பட்டப்பெயர்கள் இருந்தன. ஒன்று 'கத்தி'. அவர் மரத்தில் கத்தியை வைத்தால் பட்டை மட்டும் நூல் போலச் சீவி வரும்; உள்ளே கட்டையில் காயம் படாது. அவர் வெட்டிய மரத்தை வருடக் கடைசியில் அளந்து பார்த்த தோட்ட மேலாளர் துரையே, இப்படி வெட்டினால் இந்த மரம் நம் எல்லோரையும் விட அதிக நாள் இருக்கும் என்று சொன்னாராம்.

மற்றது 'ரெஸ்ட்ஹவுஸ்'. பஸ்ஸில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். கிராம சேவகர் அலுவலக வாங்குப் பலகையில் தூங்குவார். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்தின்போது, அதிபர் அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கையிலேயே தூங்கியிருக்கிறார். "ரெஸ்ட்ஹவுஸ் இன்னிக்குத் தொறந்திருக்கா?" என்று மரத்துக்கு மரம் கேட்பார்கள். அவரும் சளைக்கமாட்டார். "ரூம் காலி இல்ல, நாளைக்கு வாங்க" என்பார்.

அவருக்கு நாற்பத்து நான்கு வயது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் சிங்களம் வாசிப்பதில் அந்த லயத்து வரிசை வீடுகளில் அவரை மிஞ்ச ஆளில்லை. மின்சார சபைக் கடிதம், பொலிஸ் துண்டு, ஆஸ்பத்திரி அட்டை எது வந்தாலும் முதலில் அவர் வாசலுக்குத்தான் வரும். வாசித்து விளக்கிவிட்டு, பதில் எழுத வேண்டுமா என்றும் அவரே முடிவு சொல்வார். கணவர் இந்திரகுமாரின் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, காதில் ஒரு பேனையைச் செருகிக்கொண்டுதான் மலைக்குப் போவார். பால் வெட்டுகிறவருக்குப் பேனை எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. அது அவரிடம் இருக்க வேண்டிய பொருள் என்றே எல்லோருக்கும் பட்டது.

துரைக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். அந்த டிவிஷனில் பால் வெட்டுகிறவர்களில் முக்கால்வாசி பெண்கள். அவர்களை மேற்பார்க்கும் கங்காணியாக ஒரு பெண் இருந்ததே இல்லை. பழைய கங்காணி ஓய்வு பெற்றதும் துரை விஜயகலாவைக் கூப்பிட்டு, ஒரு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குகிறேன் என்றார். விஜயகலா யோசிக்கவே இல்லை. "நான் பாத்துக்குறேங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

பதினேழாவது நாள் அது நடந்தது. பதினொரு மணிக்குப் பால் கொட்டிலில் எல்லோரும் வாளிகளைக் கொண்டுவந்து பெரிய பீப்பாயில் ஊற்றுவார்கள். யார் எவ்வளவு ஊற்றினார் என்று எழுதுவதும், பால் உறைந்துபோகாமல் இருக்க மருந்து கலப்பதும் கங்காணியின் வேலை. விஜயகலா எல்லோருடையதையும் எழுதினார். மருந்துப் போத்தலைக் கையில் எடுத்தார். கவிழ்த்து வைத்திருந்த வாளியில் ஒரு நிமிடம் உட்கார்ந்தார். லொறி வந்து ஹோர்ன் அடித்தபோதுதான் கண் திறந்தார். மருந்துப் போத்தல் மூடியோடு மடியில் இருந்தது. பீப்பாயில் இருபத்தேழு பேரின் பால் தயிர் போலக் கட்டிப்போய்க் கிடந்தது.

அடுத்த நாளே அவரைத் திரும்பவும் மரத்துக்கு அனுப்பினார்கள். துரை கெட்ட மனிதர் இல்லை. வேலை நேரத்தில் தூங்கியதாக எழுதினால் கங்காணி வேலை போய்விடும், இது ஏதாவது நோய் வருத்தமாக இருந்தால் டொக்டரிடம் கடிதம் வாங்கி வா, மருந்து செய்து சரியாகும் என்று எழுதியிருந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அடுத்த மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை வரை தவணை. அதற்குள் கடிதம் வராவிட்டால் அடுத்த ஆள் தயாராக இருந்தார்.

தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் உறக்கப் பரிசோதனை நிலையத்துக்கும் அவர் வந்து சேர இரண்டு வாரங்கள் ஆகிவிட்டன.

எங்கள் நிலையம் இரத்தினபுரியில், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏழு நிமிட நடை. நான் அங்கே உறக்கப் பரிசோதனைகளை வாசிக்கிறவன். ருவான்வெல்லையில் விஜயகலாவின் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தில்தான் நான் வளர்ந்தேன். எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. அம்மாவும் அப்பாவும் பால் வெட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். இன்று ஒரு கணினித் திரையில் எட்டுக் கோடுகள் ஓடினால், அந்த மனிதர் எப்போது மூச்சு விட்டார், எப்போது விடவில்லை என்று என்னால் சொல்ல முடியும்.

பரிசோதனை எளிமையானது. நெஞ்சைச் சுற்றி ஒரு பெல்ட், அதன் நடுவில் தீப்பெட்டி அளவு கருவி, மூக்கின் கீழே மெல்லிய குழாய், விரலில் ஒரு கவ்வி. வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்கலாம். நெஞ்சு மூச்சுக்கு இழுத்துக்கொண்டே இருக்க, மூக்கில் காற்று பத்து விநாடிக்கு மேல் நின்று போனால் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்று பொருள். உடனே இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கும். மூளை பதறி எழுப்பிவிடும். இப்படி இரவு முழுக்க எழும்பி எழும்பித் தூங்குகிறவர் பகலில் வாளியில் உட்கார்ந்து தூங்காமல் என்ன செய்வார்? கருவியில் பதிந்ததை மென்பொருள் எண்ணி, மணிக்கு எத்தனை அடைப்பு என்று ஒரு எண் தரும். பதினைந்தோ அதற்கு மேலோ வந்தால், தொண்டையைத் திறந்து வைக்கும் காற்று இயந்திரத்தை எங்கள் நிலையம் இரவலாகக் கொடுக்கும். எங்களிடம் இருப்பது ஆறு இயந்திரங்கள்தாம். அதனால் பதினைந்து என்பது பதினைந்துதான்.

விஜயகலாவுக்குக் கருவியை மாட்டிக் காட்டியது நான். எங்கள் விளக்கத் துண்டு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தது. அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும் என்று தெரியாமல் நானே தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன். இரவு ஒன்பது மணிக்குக் கருவி தானாகவே பதியத் தொடங்கும், காலை ஆறு மணிக்குத் தானாகவே நிற்கும், ஆறு மணி வரை எதையும் கழற்றக் கூடாது என்றேன். அவர் துண்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், சரி தம்பி என்றார்.

இரண்டு நாள் கழித்துக் கருவியைத் திரும்பக் கொண்டுவந்தார். வரும் வழியில் அவிசாவளையில் இறங்க மறந்து தூங்கிப்போய், கொண்டக்டர் எழுப்பிவிட்டு அடுத்த பஸ் பிடித்து வந்ததாகச் சொல்லிச் சிரித்தார். கருவி ஒரு ஷொப்பிங் பேக்குக்குள் மிகப் பத்திரமாக இருந்தது. பெல்ட்டில் றப்பர் பால் ஒரு சொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. கையில் இருந்தது பட்டிருக்கும் என்று நினைத்து, நகத்தால் உரித்துப் போட்டேன்.

அடுத்த நாள் காலை பதிவைத் திறந்தேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

மென்பொருள் அரை நிமிடத்தில் விடை சொன்னது. ஒன்பது மணி நேரத்தில் நூற்றுப் பதினேழு அடைப்புகள். மணிக்குப் பதின்மூன்று. இலேசானது என்று பச்சை எழுத்தில் போட்டது. இலேசானது என்றால் உடம்பைக் குறைக்கச் சொல்லி, ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான். இயந்திரம் இல்லை. அடுத்த மாதமும் அவர் கொட்டிலில் தூங்குவார்.

ஆனால் எங்கள் வேலை பச்சை எழுத்தை நம்புவதில்லை. மென்பொருள் சொன்னதை இரவின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை, ஐந்து ஐந்து நிமிடமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். பார்த்தேன். பத்து மணிக்குப் பிறகு கோடுகள் மோசமாக இருந்தன. நெஞ்சு இழுக்கிறது, மூக்கில் காற்று இல்லை. ஒட்சிசன் எண்பத்தொன்று வரை இறங்குகிறது. திடீரென்று பெரிய மூச்சு. பிறகு மறுபடியும் அடைப்பு. இலேசானது என்று சொல்லக்கூடிய இரவு இல்லை அது. அப்படியானால் எண் மட்டும் ஏன் சிறிதாக வருகிறது?

மூன்று மணி இருபது நிமிடத்துக்கு வந்தபோது மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். உடம்பு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று காட்டும் கோடு, படுக்கையிலிருந்து நிமிர்ந்த நிலைக்குத் தாவியது. தாவியது அப்படியே நின்றது. மூன்றே முக்காலுக்கு அசைவுக் கோட்டில் ஒரு முள் எழுந்தது. முப்பது முப்பத்தைந்து விநாடி கழித்து இன்னொரு முள். பிறகு இன்னொன்று. ஒவ்வொரு முள்ளிலும் உடம்பு முன்னால் குனிந்து, நிமிர்ந்து, சில அடி நடந்து, மறுபடி குனிகிறது. ஆறு மணி வரை இதே தாளம்.

இந்தத் தாளத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆனால் தெரியும். கீழ்ப்பட்டை வெட்டுகிற மரத்தில் குனிந்துதான் கத்தி வைக்க வேண்டும். வைத்து, சீவி, பால் வடியும் சிரட்டையைச் சரி செய்து, அடுத்த மரம். விஜயகலா என் சொல்லைக் காப்பாற்றியிருந்தார். ஆறு மணி வரை எதையும் கழற்றாமல், மூக்கில் குழாயும் விரலில் கவ்வியுமாகப் பால் வெட்டப் போயிருந்தார்.

பிழை யாருடையது என்று தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மத்தியான மழைக்கு முன்னே பால் இறங்கிவிட வேண்டும். சில வருடங்களாகத் தலையில் லைட் கட்டிக்கொண்டு நாலு மணிக்கு முன்பே வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். நான் படிக்க எழும்பிய விடியற்காலைகளில் அம்மாவும் அப்பாவும் எப்போதோ போயிருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, பால் வெட்டுகிற ஒரு பெண்ணிடம் ஆறு மணி வரை கழற்றாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். நகரத்துப் போர்டிங் அறையில் ஆறு மணிக்கு அலாரம் வைத்துப் பழகிய வாய்.

திருத்துவது கடினமில்லை. விழித்திருந்த நேரத்தைக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். விதியும் அதைத்தான் சொல்கிறது. ஒன்பது மணியிலிருந்து ஒன்பது நாற்பது வரையும் நிமிர்ந்துதான் இருந்தார், அடுப்படியில் நின்றிருக்கலாம். அதையும் எடுத்தேன். மீதி ஐந்து மணி நாற்பது நிமிடம். மரங்களுக்கிடையில் அவர் மூச்சடக்கி வெட்டியதை மென்பொருள் ஒன்பது இடத்தில் அடைப்பு என்று எண்ணியிருந்தது. அந்த ஒன்பதையும் அழித்தேன். அவருக்குச் சாதகமாக இருப்பதை மட்டும் திருத்தினால் அது திருத்தம் ஆகாது. மீதி நூற்றெட்டு. மணிக்குப் பத்தொன்பது.

டொக்டர் நுஸ்ஹாவிடம் கொண்டுபோனேன். எங்கள் அறிக்கைகளில் கையெழுத்து வைப்பவர் அவர்தான். இரண்டு எண்களையும் பார்த்தார். எனக்குத் தெரிந்தவரா என்று கேட்டார். அடுத்த தோட்டம், இதற்கு முன் பேசியதில்லை என்றேன். பிறகு இன்னொன்று கேட்டார்.

"நிமிர்ந்து இருந்தா முழிச்சிருக்காங்கன்னு எப்படிச் சொல்றீங்க, தனுஷன்? நின்னுக்கிட்டே தூங்குறாங்கன்னுதானே ஆஸ்பத்திரிக் கடிதத்துல எழுதியிருக்கு."

அது வேலை செய்கிற அசைவு என்றேன். அதை நீங்கள் தோட்டத்துப் பிள்ளையாகச் சொல்கிறீர்கள், எனக்குத் திரையில் காட்டுங்கள் என்றார். பதின்மூன்று பத்தொன்பது ஆகிறது, ஒரு இயந்திரமும் போகிறது. பக்கத்துத் தோட்டத்து ஆளுக்கு மாற்றிக் கொடுத்தான் என்று நாளைக்கு யாரும் சொல்ல இடம் வைக்கக் கூடாது என்றார். அவர் சொன்னது எனக்கு வலித்தது, சரியாகவும் இருந்தது. இன்னொரு தரம் பரிசோதிக்கலாம் என்றால், கருவிகள் எல்லாம் மூன்று வாரத்துக்குப் பதிவாகியிருந்தன. வெள்ளிக்கிழமையோ நாளை மறுநாளுக்கு அடுத்த நாள்.

என் மேசைக்குத் திரும்பி வந்து முட்களை எண்ணத் தொடங்கினேன். மூன்றே முக்காலிலிருந்து ஒவ்வொரு குனிவாக. இரண்டு தரம் எண்ணினேன், இரண்டு தரமும் ஒரே எண்ணிக்கை வந்தது. அதை ஒரு தாளில் எழுதி மடித்து டொக்டரின் மேசையில் வைத்தேன். இப்போது அவருக்கு ஸ்பீக்கரில் போன் எடுக்கிறேன், நான் எண் எதையும் சொல்லமாட்டேன், நீங்களே கேட்டுக்கொண்டிருங்கள் என்றேன். அவர் தாளைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

விஜயகலா பால் கொட்டிலில் இருந்தார். பின்னால் வாளிச் சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்டன. டொக்டரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டு, மெஷினை எப்போது கழற்றினார் என்று கேட்டேன்.

"ஆறு மணிக்குத்தான், தம்பி. நீங்க சொன்ன மாதிரியே. கடைசி மரத்துக்கிட்ட வச்சுக் கழட்டுனேன்."

"மலையிலயா அக்கா போட்டுக்கிட்டு நின்னீங்க?"

"பின்ன? மூணே காலுக்கெல்லாம் எழும்பிட்டேன். நீங்க ஆறு மணின்னு சொல்லிட்டீங்க. நம்ம பக்கத்துப் புள்ள, படிச்ச புள்ள, காரணம் இல்லாமச் சொல்லுமான்னு நெனச்சேன். ரெஸ்ட்ஹவுஸுக்கு கேஸ் லைன் வந்திருச்சான்னு இவளுக சிரிச்சாளுக. நான் கழட்டல."

டொக்டர் நுஸ்ஹா வாயைப் பொத்திக்கொண்டார். நான் அடுத்ததைக் கேட்டேன்.

"அக்கா, ஒங்களுக்குக் குடுத்த மரம் எத்தன?"

"இருநூத்தி நாப்பத்தி மூணு. ஏன், மரத்துக்கும் மெஷின் மாட்டப் போறீங்களா?"

டொக்டர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் எழுதியிருந்தது இருநூற்று நாற்பத்தொன்று. கிட்டத்தட்ட சரி என்று சொல்லலாம். ஆனால் கிட்டத்தட்ட என்பதை வைத்து ஒரு கையெழுத்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எங்கே இரண்டு மரத்தைத் தவறவிட்டேன் என்று மனதுக்குள் திரையை ஓட்டிக்கொண்டிருந்தேன். போனில் விஜயகலா இன்னும் பேச்சை முடிக்கவில்லை.

"குடுத்தது நாப்பத்தி மூணு. வெட்டுறது நாப்பத்தொண்ணுதான் தம்பி. ரெண்டு மரத்துல பட்டை காஞ்சு போச்சு. பால் வராது. போன மாசமே கோடு போட்டு விட்டாச்சு."

டொக்டர் தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். நின்றுகொண்டு தூங்குகிறவர், காய்ந்த இரண்டு மரத்தையும் தவிர்த்துவிட்டு மீதி ஒன்றையும் விடாமல் வெட்ட முடியாது என்று சிங்களத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு பேனையை எடுத்தார். மணிக்குப் பத்தொன்பது, நடுத்தரம், காற்று இயந்திரம் தொடங்க வேண்டும், சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் வருத்தம் என்று கடிதம் எழுதி, பதிவு நேரத்தை ஏன் குறைத்தோம் என்ற காரணத்தையும் அறிக்கையின் கடைசியில் என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன். 'நோயாளி இந்நேரத்தில் றப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தார்' என்ற வரி அந்த மென்பொருளுக்குள் அதற்கு முன் யாரும் எழுதியிருக்கமாட்டார்கள்.

வியாழக்கிழமை விஜயகலா இந்திரகுமாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். இயந்திரத்தின் முகமூடியைப் போட்டுக் காட்டியதும் இந்திரகுமார் பக்கத்தில் குனிந்து அதன் சத்தத்தைக் கேட்டார். பதினெட்டு வருடமாக லொறி மலை ஏறுகிற சத்தத்தோடு படுத்தவன் நான், இதெல்லாம் ஒரு சத்தமா என்றார். விஜயகலா முகமூடிக்குள்ளிருந்தே அவரை முறைத்தார். கழற்றியதும் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதயாச்சும் எழும்புனதும் கழட்டலாமா, இல்ல இதுக்கும் ஆறு மணியா?"

பிழை என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். எழும்புகிற நேரத்தை முதலில் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை என்றேன். அவர் விளக்கத் துண்டைக் கேட்டு வாங்கி, காதில் இருந்த பேனையை எடுத்து, 'காலை ஆறு மணி வரை' என்பதை வெட்டிவிட்டு, மேலே சிங்களத்தில் 'நீங்கள் எழும்பும் வரை' என்று எழுதினார். கீழே தமிழிலும் எழுதினார். இப்போது நாங்கள் கொடுப்பது அந்தத் துண்டைத்தான், அச்சடித்து.

வெள்ளிக்கிழமை கடிதத்தைத் துரையிடம் கொடுத்ததாகவும், திங்கட்கிழமை முடிவு சொல்கிறேன் என்று அவர் சொன்னதாகவும் செய்தி வந்தது. அதற்குப் பிறகு போன் இல்லை.

அந்த இயந்திரத்துக்குள் ஒரு சிம் இருக்கிறது. எப்போது போட்டார்கள், எப்போது கழற்றினார்கள், மணிக்கு எத்தனை அடைப்பு மிச்சம் என்று ஒவ்வொரு காலையும் எங்கள் திரைக்கு அனுப்பும். வெள்ளி: இரண்டு அடைப்பு, கழற்றியது மூன்று இருபது. சனி: அதே இரண்டு, மூன்று இருபது. ஞாயிறு வேலை இல்லை; ஆறே முக்கால் வரை தூங்கியிருந்தார். திங்கள்: மூன்று இருபது.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்து திரையைத் திறந்தேன். கழற்றியது இரண்டு ஐம்பத்தைந்து.

உறக்கம் குழம்பிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். கோட்டைத் திருப்பிப் பார்த்தால் குழப்பம் எதுவும் இல்லை. எட்டரைக்கே படுத்திருக்கிறார், ஒரே உறக்கம், இரண்டு ஐம்பத்தைந்துக்கு ஒழுங்காகக் கழற்றி ஓஃப் பண்ணியிருக்கிறார். புதன்கிழமையும் இரண்டு ஐம்பத்தைந்து. போன் எடுத்து, ஏன் இருபத்தைந்து நிமிடம் முன்னால் எழும்புகிறார் என்று கேட்டேன்.

"கங்காணி முதல்ல போய் நிக்க வேணாமா தம்பி?" என்றார் விஜயகலா. பின்னால் யாரோ பால் அளவு சொன்னார்கள். அதை எழுதிக்கொண்டு, மருந்து கலக்கும் நேரம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.